மறைக்க வேண்டியதும் மறைக்கக் கூடாததும்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக அரசு மருத்துவர்களின் முன் செல்லும் குடும்பங்களுக்குத் துணையாக எங்கள் மஹல்லாவிலிருந்து நாங்கள் சிலர் சில ஆண்டுகளாகச் சென்று வருகிறோம். பார்வை இழந்தவர், நடக்க இயலாதவர் எனில் படிவத்தை நிரப்பி, புகைப்படம் ஒட்டி, வரிசையில் நிற்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். மனநோயாளியின் குடும்பம் என்றால் அப்படியல்ல. வீட்டாரைப் பேச வைப்பதே பெரும்பாடாகிவிடுகிறது.

மனநோயும் ஓர் இயலாமையே என்பதை 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதை உறுதி செய்கிறது. ஆனால் பார்வைக் குறைவை அளப்பது போல மனத்தின் நோயை அளக்கக் கருவி ஏது? ஆகவே ‘ஐடியாஸ்’ என்னும் அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என நான்கு கூறுகள். இயலாமை கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் கூடும். நோய் நீடித்த காலத்துக்குத் தனியே மதிப்பெண் உண்டு. மொத்தம் 20இல் 7 வந்தால்தான் 40 சதவீதம் என்னும் எல்லையைத் தொட முடியும். அதைத் தொடாதவர்க்குப் பெரும்பாலான உதவிகளின் கதவு திறப்பதில்லை.

இந்த மதிப்பெண்கள் இரத்தப் பரிசோதனையில் வருவன அல்ல. பெரும்பாலும் உடன் வந்தவர் சொல்லும் சொல்லிலிருந்தே வருகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மனச்சிதைவு நோயால் நெடுங்காலம் அவதிப்படும் மகனை ஒரு தாயார் அழைத்து வந்திருந்தார். மகனுக்கு வெள்ளைச் சட்டை, அத்தர், படிய வாரிய தலை. “தானாகக் குளிப்பாரா?” என்று மருத்துவர் கேட்டார். “குளிப்பான்” என்றார் தாயார். குளியலறை வாசலில் நின்று ஒரு மணி நேரம் மன்றாட வேண்டியிருப்பதைச் சொல்லவில்லை. “யாரோடாவது பழகுவாரா?” “அஞ்சு வேளையும் பள்ளிக்குப் போறவன், டாக்டர். தங்கமான பிள்ளை.” கடைசி வரிசையில் ஒதுங்கி நின்று தொழுதுவிட்டு, எவருக்கும் முகம் கொடுக்காமல் திரும்பிவிடுவான் என்பதையும் சொல்லவில்லை. கேள்விகள் முடிந்தன. 40 சதவீதம் வரவில்லை. வெளியே வந்ததும் அந்தத் தாயார் எங்களிடம் சொன்னது இதுதான்: “இவனுக்குக் கீழே ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்காங்க தம்பி. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விசாரிச்சு வருவாங்களே.”

அவர் பொய் சொல்ல வந்தவர் அல்லர். ஊரார் முன் பல ஆண்டுகளாகப் பழகிய பேச்சு, மருத்துவர் முன்னும் தானாக வந்துவிட்டது.

பிறர் குறையை மறைப்பது மார்க்கம் போற்றும் பண்பு. அதில் ஐயமில்லை. ஆனால் நோய் குறையா? மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைக் குர்ஆன் சொல்கிறது. அவர்களின் ஈமானில் எவரும் பழுது காணவில்லை. அறிவு தடுமாறியவர் மீது, அந்நிலை நீங்கும் வரை தொழுகையே கடமையில்லை என்று நம் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. இயலாமைக்கு அரசு அட்டை வழங்குவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே ஷரீஅத் அதை அங்கீகரித்துவிட்டது. மறுபுறம், சாட்சியத்தை மறைப்பதைக் குர்ஆன் தடுக்கிறது. மருத்துவர் முன் வீட்டார் சொல்வது நோயாளியின் உரிமைக்கான சாட்சியம் என்றே நாங்கள் கருதுகிறோம். கூட்டிச் சொல்வதும் அதே காரணத்தால் தவறு. ‘இரண்டு பொய் சேர்த்துச் சொன்னால் பென்ஷன் நிச்சயம்’ என்று வாசலிலேயே ஆலோசனை வழங்குவோர் எங்கும் உண்டு. அவர்கள் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.

மதிப்பீட்டு முறை மீதும் எங்களுக்குக் குறை உண்டு. மனநோய் ஏறி இறங்கும் இயல்புடையது. மருந்து வேலை செய்யும் ஒரு நாளில், நெரிசல் மிக்க அறையில் சில நிமிடங்கள் பார்த்து எழுதும் எண், ஓராண்டின் இரவுகளை எப்படிச் சொல்லும்? பலர் கையில் கிடைப்பது காலக்கெடு உள்ள சான்றிதழ். கெடு முடிந்தால் மீண்டும் வரிசை. மத்திய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கோ 80 சதவீதம் வேண்டும். அதில் 80 வயதுக்குட்பட்டவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய். ஒரு மாத மாத்திரைக்குக்கூடப் பலருக்குக் காணாத தொகை அது.

மறைத்தல் எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் மாநிலம் ஏர்வாடியில் கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி மாண்டார்கள். 28 உயிர்கள். தர்ஹாவில் குணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பல சமயத்தவரும் தம் வீட்டு நோயாளிகளைக் கொண்டு வந்து விட்ட ஊர் அது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்துள்ளது. ஓதிப் பார்ப்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஓதியவர் வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையையும் விடாதே என்று சொல்லி அனுப்ப வேண்டும். அப்படிச் சொல்லும் ஆலிம்களை நாங்கள் அறிவோம், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது குடும்பங்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது எளியது. இரண்டு மாதமாவது ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை நாள் குளிக்கவில்லை, எத்தனை இரவு உறங்கவில்லை, எந்த வேலையை எப்போது பாதியில் விட்டார். நல்ல நாள்களையும் எழுதுங்கள். பழைய மருந்துச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். முடிவு நியாயமாகப் படவில்லையெனில் மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் இடமுண்டு. இன்னொன்று: வீட்டாரிடம் சற்றுத் தனியே பேசுமாறு மருத்துவரைக் கேளுங்கள். மகன் எதிரே அமர்ந்திருக்கையில் அவனுக்கு இன்னது இயலாது என்று அடுக்கிச் சொல்ல எந்தத் தாய்க்கு நா எழும்? கேட்டால் பெரும்பாலும் இசைகிறார்கள். அந்தப் பத்து நிமிடம் வெளியே மகனோடு அமர்ந்து தேநீர் அருந்த எங்களில் ஒருவர் உடன் வருவார்.