பழுதும் பகுத்தறிவும்

பழுதுற்ற பொருளை மாற்றிவிடுவது இக்காலத்தின் பழக்கம். பழுது எங்கே என்று தேடுவது கல்வி தரும் பழக்கம். பின்னதன் பயனை அண்மையில் என் குடும்பத்திலேயே கண்டேன்.

என் சகோதரியின் மகன் பொறியியல் இரண்டாமாண்டு மாணவன். அவனுடைய மடிக்கணினியில் கால்பந்து விளையாட்டைத் தொடங்கினால், அரைமணி நேரத்திற்குள் ஆட்டம் முறிந்துவிடும். பாடவேலையின்போது இத்தொல்லை இல்லை. “வாப்பாவிடம் புதிது வாங்கித் தரச் சொல்லட்டுமா, மாமா?” என்றான். அவன் தந்தை தம்மாம் நகரின் கடும் வெயிலில் கட்டடப் பணி செய்பவர். மகன் கேட்டால் அவர் மறுக்கமாட்டார் என்பதே என்னைச் சிந்திக்க வைத்தது. “ஒரு வாரம் பொறு. ஒவ்வொரு முறையும் என்ன நிகழ்ந்தது என்று குறித்து வை” என்றேன்.

அவன் எழுதிய குறிப்பேடு ஓர் உண்மையை உணர்த்திற்று. நோய் ஒன்றன்று, இரண்டு. சில வேளைகளில் விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டது. சில வேளைகளில் கணினியே அணைந்தது. விண்டோஸ் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். விளையாட்டு மூடிய நேரங்களில் 4101 என்னும் எண் இருந்தது. வரைகலைச் சிப்பு 2 வினாடிகளுக்குள் மறுமொழி தராவிடில் விண்டோஸ் அதனை மீட்டமைக்கும். கணினி பிழைக்கும், விளையாட்டு மடியும். அதன் அடையாளமே அவ்வெண். கணினி அணைந்த நேரங்களில் 41 என்னும் எண் இருந்தது. முறையாக மூடப்படாமல் இயக்கம் நின்றது என்பதை மட்டும் அது தெரிவிக்கும், காரணத்தைக் கூறாது.

965ஆம் ஆண்டில் பஸ்ராவில் பிறந்த இப்னு ஹைதம், ஒளியைப் பற்றிய கருத்துகளைச் சோதனையால் உறுதிசெய்த பேரறிஞர். அவர் காட்டிய நெறியையே நாங்களும் பின்பற்றினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் அதே ஆட்டத்தை ஆடிப் பார்ப்பது.

முதலில் வரைகலைச் சிப்புக்குரிய பழைய டிரைவரை நீக்கிப் புதியதை நிறுவினான். 4101 மறைந்தது, ஆனால் கணினி அணைவது நிற்கவில்லை. அடுத்து நினைவகத்தைச் சோதித்தான், குறையில்லை. பின்னர் வெப்பத்தை அளந்தான். ஆட்டத்தின் நடுவே அது 97 பாகை செல்சியசை எட்டியது. மெத்தைமேல் வைத்து ஆடியதால் அடிப்புறக் காற்றுத்துளைகள் அடைபட்டிருந்தன. மேசைமேல் வைத்தபோது சற்று நேரம் கூடுதலாகத் தாங்கியது; எனினும் அணைந்தது. பழுது நீக்குபவர் கணினியைத் திறந்தபோது, விசிறியின் வாயிலில் தூசு பஞ்சுபோல் படிந்திருந்தது. அதனை நீக்கி, சிப்பின்மேல் காய்ந்திருந்த வெப்பக் களிம்பையும் மாற்றினார். வெப்பம் 82க்கு இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ், அதன்பின் கணினி அணையவில்லை. செலவு சில நூறு ரூபாய்களே.

நடந்ததை அவன் தொலைபேசியில் தந்தையிடம் கூறினான். புதிய கணினி கேட்க எண்ணியிருந்ததையும் மறைக்கவில்லை. அவர் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, இரண்டாண்டுகளாகத் தள்ளிப்போட்ட விமானச் சீட்டை இனி எடுத்துவிடலாம் என்றாராம். அவ்வாண்டு நோன்புப் பெருநாள் தொழுகைக்குத் தந்தையும் மகனும் ஒன்றாகவே பள்ளிவாசலுக்கு நடந்து சென்றனர்.