தாழியும் மாடாக்குழியும்

ஆதிச்சநல்லூர் பற்றி எழுதப்படுகிறவற்றில் ஆதிச்சநல்லூர் என்கிற ஊர் வருவது அபூர்வம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் உள்ள சிறிய ஊர் அது. 1986இல் மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடிப் பக்கம் போயிற்று. ஊரை ஒட்டிய 114 ஏக்கர் சரளை மேட்டை அங்குள்ளவர்கள் 'பரம்பு' என்கிறார்கள்.

1876இல் பெர்லினிலிருந்து யாகோர் வந்து தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலச் சாமான்களும் இரும்பாயுதங்களும் எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. 2004-05இல் மறுபடியும் தோண்டினார்கள். அப்போது எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்பது 2019இல், கோர்ட்டில் வழக்கு நடந்தபோதுதான் வெளியே தெரிந்தது. 2021இல் பக்கத்துச் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று வந்ததும், சொந்த வீட்டில் யாரோ தோற்றுவிட்ட மாதிரி என் நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். பாரம்பரியம் நம்மிடையே ஓர் ஏலமாகிவிட்டது.

எனக்கு அந்த மேடுதான் முக்கியமாகப் படுகிறது. கீழே ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும். மேலே ஒன்றும் விளையாத சரளை. பாறையில் குழி குடைந்து அதற்குள் தாழியை இறக்கியிருக்கிறார்கள். விளைகிற நிலம் இருப்பவர்களுக்கு, விளையாதது செத்தவர்களுக்கு. உணர்ச்சிவசப்படாத கணக்கு.

இதே தாழியைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவு வராது. வயது ஏற ஏறச் சுருங்கிப் பூனைக்குட்டி அளவாகிவிடுவார்கள். விளக்கு வைக்கிற மாடாக்குழியில் உட்கார்த்தி வைத்துச் சோறூட்டுவார்கள். அதுவும் முடியாமல் போகிற நாளில் தாழிக்குள் வைத்து, சோறும் தண்ணீரும் விளக்கும் கூட வைத்து, மண்ணுக்குள் இறக்கிவிடுவார்கள். அகழாய்வு இதை ஆமோதிப்பதில்லை. ஆமோதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கிழடுகளை என்ன செய்வது என்று திகைத்த வீடுகள் தமக்குள் சொல்லிக்கொண்ட கதை இது. குற்றவுணர்வு அதில் அப்பட்டமாக இருக்கிறது. பெர்லினுக்கும் எழும்பூருக்கும் போகாமல் ஊரிலேயே தங்கிவிட்ட சொத்து என்று இதைத்தான் சொல்வேன்.

நம் கவிஞர்களுக்கும் தாழி பிடிக்கும். வெறுமை, கர்ப்பம், காலம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அதற்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். ஸ்தூலமான தாழி, ஓர் உடம்பைக் கொள்ள வேண்டிய மண்பாண்டம், அவர்கள் கண்ணில் படுவதில்லை. புறநானூற்று 256ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் குயவனிடம் கேட்பது வேறு விஷயம்: தனக்கும் சேர்த்து இடமிருக்கும்படி அகலமாகச் செய்து தரச் சொல்கிறாள். அவளுக்குத் தாழி படிமமல்ல, அளவு.

என் ஆச்சிக்குப் புறநானூறு தெரியாது. கடைசி இரண்டு வருஷம் பின்கட்டில் சுருண்டு கிடந்தாள். ஒருநாள், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னாள்: "தாழி வாங்குனா பெருசாப் பாத்து வாங்குலே. எனக்குக் காலு மடங்காது."

அப்பா தேய்ப்பதை நிறுத்தவில்லை. இதன் பக்கத்தில் வைக்கத் தகுந்த தாழிக் கவிதை எதையும் நான் இன்னும் படிக்கவில்லை.