சாகாத காதலர்கள்

பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்ல' (1986) படத்தில், பள்ளிச் சுற்றுலாவிலிருந்து தப்பியோடும் இரு மாணவியர் இறுதியில் சடலங்களாகவே காணப்படுகின்றனர். கீது மோகன்தாஸின் 'மூத்தோன்' (2019) படத்திலும் காதலர்களுள் ஒருவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். இரண்டும் தேர்ந்த படைப்புகளே. ஆயினும், தன்பாலீர்ப்புள்ள இளம் பார்வையாளர் ஒருவர் தம் எதிர்காலத்தை அவற்றில் தேடினால் சாவுதான் கிடைக்கும்.

ஆகவே 'சுப் மங்கள் ஜ்யாதா சாவ்தான்' (2020) போன்ற வேடிக்கைப் படத்தை எளிதென்று ஒதுக்க இயலாது. அதில் நகைப்புக்குரியவர் தந்தை. கறுப்புக் காலிஃபிளவரை உருவாக்கிப் பெருமிதம் கொள்ளும் அந்த விஞ்ஞானிக்கு மகன் அமனின் காதல் மட்டும் செரிப்பதில்லை! ஆனால் படம் குடும்பத்தைச் சமாதானப்படுத்துவதிலேயே பெரும்பொழுதைக் கழித்துவிடுகிறது. அமனும் கார்த்திக்கும் சேர்ந்து வாழப்போகும் நாட்களுக்கு அதில் இடமில்லை.

ரசிகர் புனைகதை நுழைவது அவ்விடத்தில்தான். வாடகை, சமையல், சில்லறைச் சண்டை ஆகியவையே அங்குக் கதைப்பொருள். இலக்கியத் துறைகள் இதனைப் பொழுதுபோக்கு என்று புறந்தள்ளுவது வியப்பளிக்கிறது. ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913–14இல் இன்பமான முடிவுடன் எழுதிய 'மாரிஸ்' நாவல், அவர் மறைந்தபின் 1971இல்தான் அச்சேறியது. இன்று அத்தகைய முடிவை எழுதுபவர் சில நிமிடங்களில் இணையத்தில் பதிவேற்றிவிடுகிறார்.

கொச்சியின் சுள்ளிக்கல் போன்ற நெருக்கமான குடியிருப்பில் தனியறை அரிது. கைபேசித் திரையே அறை. அதன் ஒளியைக் குறைத்துக்கொண்டு ஒரு மாணவர் வாசிக்கும் கதையில், மீன்குழம்புக்குக் குடம்புளி எத்தனை துண்டு என்று இரு ஆண்கள் வாதிட்டுக்கொண்டிருக்கலாம்.