எந்த நாட்டில் செய்த கார்?

“வெளிநாட்டுக் காரா? அப்படியானால் உறுதியாகத்தான் இருக்கும்” என்று நம் பெருநகர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ‘ஐ 10’ கார், 2008-இல் அந்நாட்டார் நடத்திய மோதல் சோதனையில் 4 நட்சத்திரங்கள் பெற்றது. நமக்கென்று செய்த ‘ஐ 10’ காரை, காற்றுப்பைகள் இல்லாத நிலையில், 2014-இல் ஒரு பன்னாட்டு அமைப்பு சோதித்தது. கிடைத்ததோ பூஜ்யம்! மோதும்போது விரிந்து தலையையும் மார்பையும் காப்பது அந்தப் பைதான். இரண்டையும் செய்தவர்கள் நம் மாவட்டத்துத் தொழிலாளர்களே! ஐரோப்பியர் பாதுகாப்பைக் கேட்டு வாங்கினார்கள். நாமோ விலையைத்தான் கேட்டோம். ஓட்டுநருக்கான காற்றுப்பையை நம் அரசு கட்டாயமாக்கியது 2019 ஜூலையில்தான். முன்னால் அமரும் மற்றவருக்கு அதற்கும் பின்னரே வந்தது. அந்த இருக்கையில் பெரும்பாலும் நம் அம்மாக்களல்லவா அமர்கிறார்கள்?