உகிர் நோயும் பொறுமையும்

சங்க நூல்கள் நகத்தை 'உகிர்' என்று வழங்கும். புலியின் உகிரையும் பருந்தின் உகிரையும் வகுப்பறையில் விளக்கி மகிழும் யாம், கால்விரலில் உள்ள எம் உகிரைக் குனிந்தும் பார்ப்பதில்லை. அது மஞ்சள் பாரித்து, தடித்து, ஓரம் பொடிந்து உதிரும்போதுதான் நினைவுக்கு வருகிறது. மக்கள் இதனைச் சொத்தை நகம் என்பர். நகச்சுத்தி வேறு, அது நகக்கண் வீங்கிச் சீழ்கட்டித் தெறிக்கும் வலியோடு வந்து, சில நாள்களில் ஆறிவிடும். சொத்தை நகமோ ஓசையின்றி வந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

எம் தாயாரின் வலக்கால் பெருவிரல் நகம் இவ்வாறு பழுதுற்றபோது அவர்கள் எவரிடமும் கூறவில்லை. மருதாணியால் மூடி வைத்திருந்தார்கள். பெண்மக்கள் பலர் செய்வதுதான். தாயார் நெடுநாள் நீரிழிவு உடையவர்கள் என்பதே எம்மை அச்சுறுத்தியது. நீரிழிவு நாட்பட்ட கால்களில் உணர்ச்சி மங்கும். தடித்த நகம் அடிச்சதையை அழுத்திப் புண்ணாக்கினாலும் தெரியாது. அப்புண் வழியே கிருமி புகுந்து கால் வீங்குவதும், விரலையே இழக்க நேர்வதும் உண்டு. "நகந்தானே தம்பி" என்ற அவர்களுடைய சொல்லுக்கு இதுவே எம் மறுமொழியாயிற்று.

அண்டை வீட்டார் அன்போடு அறிவுரைகள் வழங்கினர். நகத்தைப் பிடுங்கிவிடலாம் என்றார் ஒருவர். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பொன்றைக் கொணர்ந்தார் மற்றொருவர். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அரிப்பை அடக்கிப் பூஞ்சையை வளரவிடும் பொருள் அது. தோல் மருத்துவரோ, மருந்தெழுதும் முன் நகத்துணுக்கைக் கேட்டார். அதனைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் கண்டால் பூஞ்சை இழைகள் புலப்படும். பழுதுற்ற நகங்களுள் ஏறத்தாழப் பாதி பூஞ்சையால் வந்தவை அல்ல. சோரியாசிஸ் நோயும், இறுக்கமான காலணியின் ஓயாத உராய்வும் அதே தோற்றத்தைத் தரும். பாராமல் மாத்திரை உண்போர் பலர் வேறொரு நோய்க்கு மருந்து உண்கிறார்கள்.

தாயாருக்குப் பூஞ்சையே என்பது உறுதியாயிற்று. பெரும்பாலும் இதற்குக் காரணமாவது டிரைக்கோபைட்டான் ரூப்ரம். நகத்திலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தையே அது உணவாகக் கொள்ளும். தடித்த நகத்தைக் களிம்பு எளிதில் ஊடுருவாது. ஆகவே உள்ளுக்கு உண்ட மருந்து, புதிதாய் முளைக்கும் நகத்தோடு சேர்ந்து வெளிவர வேண்டும். முன்னர் வழங்கிய கிரிசியோபல்வின், 1939இல் ஒரு பூஞ்சையிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது என அறிந்து வியந்தோம். இன்று பெரிதும் வழங்குவது டெர்பினாபின்: நாளொன்றுக்கு 250 மில்லிகிராம், கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். கல்லீரல் பழுதுற்றோர்க்கு அது ஆகாது; எனவே முதலில் குருதிச் சோதனை செய்தனர். நோய் நுனியளவில் நின்றால், நகத்தின்மேல் பூசும் அமோரால்பின் போன்ற மருந்தே போதுமாகலாம். எதுவாயினும் முடிவு மருத்துவருடையது.

12 வாரம் கழிந்தது. நகம் முன்போலவே காட்சியளித்தது. "காசு கரைந்ததுதான் மிச்சம்" என்றார்கள் தாயார். பலர் மனந்தளர்ந்து கைவிடும் இடம் இதுவே. கால்நகம் திங்களுக்கு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டரே வளரும். பெருவிரல் நகம் முற்றிலும் புதிதாக 12 முதல் 18 திங்கள் ஆகும். மாத்திரையை நிறுத்திய பின்னும் மருந்து நகத்தில் சில திங்கள் தங்கித் தொழிற்படும். நகத்தின் அடியில் தெளிந்த கீற்றொன்று தோன்றுவதே நற்குறி. மருதாணி அதனை மறைத்துவிடும் என்பதால், பெருநாளுக்குக்கூடத் தாயார் கையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஐவேளை ஒளுவால் கால் நனைவதே காரணமோ என்ற ஐயமும் அவர்களுக்கு எழுந்தது. கழுவுதல் தீங்கன்று, ஈரத்தோடு விடுதலே தீங்கு. விரலிடுக்கைக் கோதிக் கழுவியபின் உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்தால் போதும். அங்கே சேற்றுப்புண் இருப்பின் அதனையும் உடன் ஆற்றவேண்டும். பூஞ்சை பெரும்பாலும் அங்கிருந்தே நகத்துக்கு ஏறுகிறது. பள்ளிவாசலில் பொதுவாகக் கிடக்கும் ஈரச்செருப்பைப் பெரியோர் தவிர்க்கலாம். ஒரே நகவெட்டியை ஓர் அறையே பயன்படுத்தும் விடுதி மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

பதினைந்தாம் திங்களில் ஓரத்துச் சிறு தடிப்பு மட்டும் எஞ்சியது. வெள்ளிதோறும் நகம் வெட்டும் வழக்கத்தைத் தாயார் விடவில்லை. கண் மங்கிவிட்டதால், இப்போது காலைப் பேத்தியின் மடிமேல் நீட்டிவிடுகிறார்கள்.