காற்றுத் தொட்டியில் தண்ணீர்

மாப்பிள்ளை பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, உள்ளே நான்கு படுக்கை, கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் வைத்து வீடாக மாற்றினார். பட்டு வியாபாரம் போக மிஞ்சும் நாட்களில் குடும்பத்தோடு ஊர் சுற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் பதிய அலைந்த கதை தனி. நான் புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, ஓரிக்கையில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவன். சும்மா இருக்கும் கிழவனுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். தினமும் மாலையில் வண்டியின் காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது.

இந்த வண்டியில் பிரேக் பிடிப்பது காற்று. என்ஜினோடு சுழலும் கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து, ஏழெட்டு மடங்கு அழுத்தித் தொட்டியில் அடைக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். எட்டு கன மீட்டரை ஒன்றாக அமுக்கினால், எட்டு பங்கு ஈரமும் அந்த ஒன்றுக்குள் வந்துவிடும். தாங்காதது சொட்டாக இறங்கித் தொட்டியின் அடியில் நிற்கும். பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இதை 'புவான் த ரோஸே' என்று சொல்லி, குளிர்ந்த தண்ணீர்க் கூஜாவின் வெளிப்புறத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். அறுபது வருஷம் கழித்து வண்டிக்கு அடியில் குனிந்தபோது அந்தக் கூஜா நினைவுக்கு வந்தது.

தொட்டியின் அடியில் சின்ன வால்வு, அதில் ஒரு வளையம். இழுத்தால் 'புஸ்' என்ற சத்தத்தோடு தண்ணீர் பீச்சும். பிரெஞ்சில் இந்த வேலைக்குப் 'பூர்ஜ்' என்று பெயர். பேதி மருந்துக்கும் அதே பெயர்தான். சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்குப் பொருத்தம் விளங்கும்.

பழக்க தோஷம், ஒரு நோட்டில் கட்டம் போட்டுத் தேதி, 'தண்ணீர் எடுத்தது' என்று டிக் அடித்து வந்தேன்.

போன ஐப்பசியில் விடாத மழை. பக்கத்துத் தெரு நெசவாளர் தறிக்குழியில் ஊறிய தண்ணீரைச் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பாவுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்க வெயிலே இல்லை. எனக்கும் முழங்கால் வலி. சேற்றில் குனிய மனமில்லை. வண்டி சும்மாதானே நிற்கிறது என்று நினைத்தேன். வண்டி சும்மா நிற்கவில்லை, இடையில் இரண்டு முறை வெளியூர் போய் வந்தது. ஆனால் டிக் மட்டும் தவறாமல் அடித்தேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் செய்யாததை வீட்டு நோட்டில் செய்தேன்.

மழை விட்டதும் ஏலகிரி போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது டிரைவர் பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் மீட்டர் முள் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கியது. தண்ணீர் நின்ற அளவுக்குக் காற்றுக்கு இடம் குறைவு அல்லவா. எந்த வளைவு என்று நினைவில்லை, பஸ்ஸர் அலறியது. பேத்திகள் இருவரும் ஏதோ விளையாட்டுச் சத்தம் என்று கை தட்டினார்கள். டிரைவர் பேசவே இல்லை. கியரைக் குறைத்து, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். மாப்பிள்ளை குதித்து இறங்கிக் கல் வைத்தார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கீழிருந்து வந்த மெக்கானிக் வளையத்தை இழுத்தார். தண்ணீரும் எண்ணெயும் கலந்து, பால் ஊற்றிய காபி நிறத்தில் ஒரு சொம்புக்கு மேல் கொட்டியது. துருவும் பிசுக்கும் வால்வில் உட்கார்ந்து காற்று கசிந்திருக்கிறது. ஈரத்தைப் பிடிக்க வேண்டிய டிரையர் குப்பியும் செத்துப் போயிருந்தது. அதை மாற்றி எத்தனை வருஷமோ. "ஐயா, டிரையர் இருந்தாலும் தொட்டியைத் திறந்து பாக்கணும். தண்ணி வந்துச்சுன்னா குப்பி போச்சுன்னு அர்த்தம்" என்றார். குளிர் தேசங்களில் இந்தத் தண்ணீர் உறைந்து குழாயையே அடைக்குமாம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, துரு போதும்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனேன். "இதுல கடைசி ஒன்பது டிக் பொய், மாப்பிள்ளை."

அவர் நோட்டை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். "முட்டி வலின்னா சொல்லியிருக்கலாமே மாமா. நான் இழுத்திருப்பேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒன்பது டிக்கையும் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். இப்போது டிக் கட்டத்தை எடுத்துவிட்டு அளவு எழுதுகிறேன். ஓரிக்கைப் பணிமனைக்குத் திரும்பும் பஸ் ஏதாவது தெருமுனையில் 'புஸ்' என்றால், நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவேன். புதுக் குப்பி போட்ட பிறகு பெரும்பாலும் வெறும் காற்றுதான் வருகிறது. நேற்று நாலு சொட்டு வந்தது. நாலு சொட்டு என்றே எழுதினேன்.