பத்தாம் வகுப்பின் காலைப் பசி

காலை உணவு அறிவைக் கூர்மையாக்கும் என்ற வாக்கியம் சத்துமாவு விளம்பரங்களில் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது. ஆய்வுகள் காட்டும் உண்மை அதைவிடக் குறுகியது. எங்கள் பிச்சாட்டூர் போன்ற ஊர்களுக்கு அதைவிட முக்கியமானது.

ஜமைக்காவில் சிமியோன், கிரந்தாம்-மெக்கிரிகர் இருவரும் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வுக்கே நான் அடிக்கடி திரும்புகிறேன். 9, 10 வயதுக் குழந்தைகளை ஒரு காலை உணவு கொடுத்தும் மற்றொரு காலை கொடுக்காமலும் சோதித்தார்கள். நல்ல ஊட்டத்துடன் வளர்ந்தவர்கள் பட்டினியால் பெரிதும் தளரவில்லை. கணக்கில் சற்றுக் கூடுதலாகவே மதிப்பெண் பெற்றார்கள். சொற்களைச் சரளமாக நினைவுகூர்வதிலும் குறியீடுகளைப் பொருத்துவதிலும் பின்தங்கியவர்கள், வளர்ச்சி குன்றியவர்களும் முன்பே கடும் ஊட்டக்குறைவுக்கு ஆளானவர்களும்தாம். தவறவிட்ட ஒரு வேளை எல்லா மூளைக்கும் ஒரே இழப்பு அன்று.

பதின்பருவத்தில் இதனுடன் வேறொன்றும் சேர்கிறது. அந்த வயதில் உறக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பு இரவில் தாமதமாகவே தொடங்குகிறது. பிள்ளை பின்தூங்கிப் பின்னெழுவது உடலின் இயல்பு. வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர். எழுந்ததும் பேருந்துக்கு ஓட்டம். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வுநிலை ஆற்றலில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. இரவெல்லாம் ஈரலின் கையிருப்பே அதற்குக் குளுக்கோஸ் அளிக்கிறது. இரவு 8 மணிக்கு உண்டவளின் அடுத்த வேளை மதியம் 12.30 என்றால், இடைவெளி பதினாறரை மணி நேரம்.

என்னுடன் பத்தாம் வகுப்பில் படித்த ஒருத்தி காலைப் பிரார்த்தனையில் இருமுறை மயங்கி விழுந்தாள். விடியுமுன் எழுந்து பால் கறந்து, தம்பிக்குச் சத்தன்னம் பிழிந்து வைத்துவிட்டு வருபவள். சட்டியில் மிஞ்சுவது நீராகாரம்தான். எங்கள் வகுப்பில் அவளைவிட விரைவாக மனக்கணக்குப் போட்டவர் யாருமில்லை, பிற்பகலில். முற்பகல் தேர்வுகளில் அவள் எடுத்த மதிப்பெண்ணே அவளுடைய அறிவு என்று பதிவேட்டில் ஏறியது.

தமிழ்நாட்டு அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தபோது, தொடக்க விழா எங்களுக்கு அடுத்த திருவள்ளூர் மாவட்டத்திலேயே நடந்தது. போற்றத்தக்க திட்டம், ஆனால் 5ஆம் வகுப்போடு நிற்கிறது. எல்லைக்கு இப்பால் ஆந்திரத்தில் 2023 மார்ச்சில், 10ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்க்கு வாரம் மூன்று நாள் வெல்லமிட்ட கேழ்வரகுக் கூழ், இங்கே ராகி ஜாவ, கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு குவளைக் கூழ் முழுச் சாப்பாடு ஆகாது. ஆயினும் பதினைந்து வயதுக்கும் காலையில் பசிக்கும் என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டது எனக்குப் பெரிதாகவே படுகிறது.

கூழ் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைந்தால் கவனமும் குறையும். அதை ஒரு காலை உணவு ஈடுகட்டாது.

களப்பணிக்கான என் வினாநிரலில் “காலையில் சாப்பிட்டாயா?” என்ற கேள்வி இல்லை. அதற்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் “ஆச்சு” என்பார்கள். ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் அதில் அடக்கம். முதல் கேள்வி இது: நேற்று இரவு கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன உண்டாய்?